எண்ணோடு போராடும் பிள்ளைகள்: கணிதக் கற்றல் இடர்பாடும் பெற்றோர் கடமையும்

(ரொறன்ரோ பெரும்பாகத் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் பங்குகொண்ட கல்வி ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

கணிதத்தைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். போட்டிப் பரீட்சையில் முதலிடம் பெறுவது எப்படி என்று நான் இன்று பேசப் போவதில்லை. அதற்கான ஆலோசனைகளுக்கு எம்மவரிடையே பஞ்சமில்லை. எவ்வளவு முயன்றும் எண்கள் வசப்படாத பிள்ளையைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன். அந்தப் பிள்ளையும் நம் சமூகத்தின் பிள்ளைதான். ஆனால் நமது பரிசளிப்பு விழாக்களில் அதன் பெயர் வாசிக்கப்படுவதில்லை. உறவினர் கூடும் இடங்களில் அதன் புள்ளிகள் பேசப்படுவதில்லை.

அந்தப் பிள்ளை நன்றாகப் பேசும். கதைப் புத்தகங்களை விரும்பி வாசிக்கும். ஆனால் ஐந்தாம் தரத்துக்கு வந்த பின்னரும் எட்டையும் ஏழையும் கூட்டுவதற்கு மேசைக்கு அடியில் விரல் மடிக்கும். நேற்றிரவு ஒரு மணி நேரம் ஒப்புவித்த வாய்பாடு இன்று காலையில் நினைவில் இராது. இதைக் கண்ட பெற்றோர் என்ன செய்கிறார்கள்? செவ்வாய்க்கிழமை ஒரு பிரத்தியேக வகுப்பு; அது போதாதென்று சனிக்கிழமை இன்னொன்று; ஞாயிறு காலையில் அப்பாவுடன் பயிற்சித் தாள்கள். பலன் தராத முறையையே மேலும் அதிகமாகக் கொடுக்கிறார்கள்.

நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து ஒன்றுதான். கணிதக் கற்றல் இடர்பாடு உள்ள பிள்ளைக்கு, அதே முறையில் கூடுதல் நேரம் கற்பிப்பதால் பயனில்லை. அதற்கு வேறொரு வழியில் கற்பிக்க வேண்டும். அந்த வழியைப் பாடசாலையிடம் கேட்டுப் பெறும் உரிமை, நாம் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டப்படி நமக்கு உண்டு. ஆனால் கேட்கத் தெரிந்தவருக்கே அது விரைவில் கிடைக்கிறது.

நமது அச்சம் எங்கிருந்து வந்தது?

கணிதத்தில் பின்தங்கும் பிள்ளையைக் கண்டு நம் பெற்றோர் கலங்குவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இலங்கையில் கல்விப் பொதுத் தராதர சாதாரணதரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாதவர், மற்றப் பாடங்களில் எவ்வளவு திறமை காட்டினாலும், உயர்தரம் செல்வதற்கு முட்டுக்கட்டைகளை எதிர்கொண்டார். 1970களில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ் மாணவர் கூடுதல் புள்ளிகள் பெற்றாக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாழ்க்கையைத் தீர்மானித்த அந்தக் காலத்தின் நினைவை நாம் பெட்டிகளோடு சேர்த்தே இங்கு கொண்டுவந்தோம். எனவே இங்கு பிறந்த பிள்ளை கணிதத்தில் 50 புள்ளி எடுத்து வரும்போது, நமக்குத் தெரிவது அந்தத் தாளில் உள்ள புள்ளி மட்டுமல்ல. அன்று மூடப்பட்ட கதவுகளும்தான்.

அந்த அச்சத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் அச்சம் இருவகைத் தீர்ப்புகளை நம் வாயில் வரவழைக்கிறது. ஒன்று, "பிள்ளைக்குச் சோம்பல்." மற்றது, "பிள்ளைக்கு மூளை காணாது." இரண்டுமே பெரும்பாலும் தவறானவை. மூன்றாவது விளக்கம் ஒன்று உண்டு என்பதை நம்மிற் பலர் அறிய மாட்டோம்.

கணிதக் கற்றல் இடர்பாடு என்பது என்ன?

1974ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த லடிஸ்லாவ் கோஷ் என்ற உளவியலாளர், பொதுவான அறிவாற்றலில் குறைவில்லாத பிள்ளைகள் சிலருக்குக் கணிதத்தில் மாத்திரம் ஆழமான இடர்பாடு இருப்பதை ஆராய்ந்து எழுதினார். இன்று அது டிஸ்கல்குலியா என அழைக்கப்படுகிறது. இலண்டனைச் சேர்ந்த பிரையன் பட்டர்வேர்த்தும் அவரது சகாக்களும் 2011இல் "சயன்ஸ்" ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, நூறு பேருக்கு 5 முதல் 7 பேர் வரை இவ்வாறு இருக்கலாம் எனக் குறிப்பிடுகிறது. அப்படியானால் 25 பிள்ளைகள் உள்ள வகுப்பறையில் ஒரு பிள்ளையேனும் இருக்கக்கூடும். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு இதனைக் குறிப்பிட்ட கற்றல் இடர்பாட்டின் ஒரு வகையாக வரையறுத்து, தகுந்த உதவி வழங்கிய பின்னரும் குறைந்தது 6 மாதம் இடர்பாடு நீடித்திருக்க வேண்டும் என்கிறது.

ஒன்ராறியோ கல்வி அமைச்சு கற்றல் இடர்பாடு குறித்து 8ஆம் இலக்கக் கொள்கைச் சுற்றறிக்கையை வெளியிட்டுள்ளது. 2014இல் திருத்தப்பட்ட அதன் வரைவிலக்கணத்தை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். கற்றல் இடர்பாடு உள்ள மாணவரின் அறிவாற்றல் குறைந்தபட்சம் சராசரி அளவிலாவது இருக்கும் என்கிறது அது. அதாவது "மூளை காணாது" என்ற தீர்ப்பை வரைவிலக்கணமே மறுத்துவிடுகிறது. முயற்சியின்மை, பண்பாட்டு வேறுபாடு, கற்பிக்கும் மொழியில் தேர்ச்சியின்மை, பாடசாலைக்குச் செல்ல இயலாது போன இடைவெளி ஆகியவற்றால் வரும் பின்னடைவு கற்றல் இடர்பாடு ஆகாது என்றும் அது கூறுகிறது.

கடைசியாகச் சொன்னது நமக்கு இருபுறமும் கூரான கத்தி போன்றது. அண்மையில் இந்நாட்டுக்கு வந்த பிள்ளையின் மொழிச் சிக்கலை இடர்பாடு என்று முத்திரை குத்திவிடலாகாது. அதேவேளை, "ஆங்கிலம் வந்தால் கணக்கும் வந்துவிடும்" என்று கூறி, உண்மையான இடர்பாட்டை ஆண்டுக்கணக்கில் கவனியாது விடுவதும் ஆகாது. பிள்ளைக்கு நன்கு தெரிந்த மொழியில், தமிழிலேயே, எண்ணவும் கூட்டவும் சொல்லிப் பாருங்கள். அங்கும் அதே தடுமாற்றம் இருந்தால் மொழி மட்டும் காரணமன்று என்பது ஓரளவு புலப்படும். அந்தத் தகவலை ஆசிரியருக்குச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவரே.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் "லேர்னிங் டிசெபிலிட்டி" என்று சொல்வது நான் இதுவரை விளக்கிய இடர்பாட்டையே. பிரித்தானியாவில் அதே சொற்றொடர் பொதுவான அறிவுத்திறன் குறைபாட்டைக் குறிக்கிறது. அங்கே நம் பொருளுக்கு "ஸ்பெசிபிக் லேர்னிங் டிபிகல்ட்டி" என்பதே வழக்கு. ரொறன்ரோவில் இருப்பவர் இலண்டனில் இருக்கும் தங்கைக்குத் தொலைபேசியில் இச்செய்தியைச் சொல்லும்போது, அது வேறு பொருளில் விளங்கிக்கொள்ளப்பட்டு அழுகையில் முடிவதுண்டு. எனவே சொல்லைச் சரியாகக் கையாளுங்கள்.

அறிகுறிகள்

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதமான இடர்பாடு இருப்பதில்லை. சிலருக்கு அளவைப் பற்றிய உணர்வே மெலிந்திருக்கும். மேசையில் நான்கு நாணயங்கள் கிடந்தால் நீங்களும் நானும் எண்ணாமலே நான்கு என்போம். அவர்கள் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். சிலருக்கு அளவு விளங்கும். ஆனால் செயல்படும்போது மனத்தில் தாங்கி வைத்திருக்கும் நினைவு போதாது. ஒரு நீண்ட வகுத்தலில் மூன்றாவது படிக்கு வரும்போது முதற்படி மறந்துவிடும். சிலருக்கு எழுத்து வாசிப்பே தடையாக இருந்து, அதனால் வசனக் கணக்குகள் மாத்திரம் பிழைக்கும். கவனக்குறைபாடு உடனிருப்பதும் உண்டு.

சிறு வயதில், 6க்கும் 9க்கும் எது பெரிது என்று தயங்குதல், பின்னோக்கி எண்ண இயலாமை, விரலை விட்டு வெளியே வராமை ஆகியவற்றைக் கவனியுங்கள். நடுவகுப்புகளில், இடப்பெறுமானக் குழப்பம், மணிக்கூடு பார்க்கத் தடுமாற்றம், மிச்சக் காசு கணிக்க இயலாமை என்பன தோன்றும். உயர்பாடசாலையில் அது வேறு வேடம் பூணும்: வயிற்று வலி, கணிதம் உள்ள நாளில் பாடசாலைக்குப் போக மறுத்தல், "எனக்குக் கணக்குப் பிடிக்காது" என்ற அலட்சியம். அந்த அலட்சியத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கான தோல்வி மறைந்திருக்கிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துப் பெற்றோர் முடிவுக்கு வரக்கூடாது. பல அறிகுறிகள் சேர்ந்து, பல மாதம் நீடித்தால், பொறுத்திருந்து பார்க்கும் காலம் கடந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

வாய்பாடு ஏன் ஒட்டுவதில்லை?

நம் மரபு எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது. அந்த மரபில் மனனம் பெரும் இடம் பெற்றிருந்தது. மனனத்தை நான் மறுக்கவில்லை. ஏழு எட்டு 56 என்பது நினைவில் இருந்தால் பின்னங்களும் இயற்கணிதமும் இலகுவாகும். ஆனால் அந்த 56 என்ற ஒலி எதனோடும் தொடர்பின்றி மனத்தில் மிதக்குமானால், அது தங்குவதற்கு இடமில்லை. ஏழு வரிசைகளில் எட்டெட்டுப் புளியங்கொட்டைகளை அடுக்கிப் பாருங்கள். ஐந்து வரிசையைப் பிரித்தால் 40. மிஞ்சிய இரண்டு வரிசை 16. இரண்டும் சேர்ந்து 56. இப்போது பிள்ளை மறந்துபோனாலும் திரும்பிச் செல்ல ஒரு பாதை இருக்கிறது. ஒலியை மாத்திரம் மனனம் செய்த பிள்ளைக்கு, மறந்துபோனால், பாதை இல்லை; ஏச்சுத்தான் மிஞ்சும்.

எப்படிக் கற்பிப்பது?

ஐக்கிய அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் கீழ் இயங்கும் கல்வி அறிவியல் நிறுவகம், கணிதத்தில் இடர்ப்படும் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்காக 2021இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. படிப்படியான நேரடிக் கற்பித்தல், கணித மொழி, பொருளும் படமும், எண்கோடு, வசனக் கணக்கு, நேரங்குறித்த சிறு பயிற்சி என ஆறு விதந்துரைகள் அதில் உண்டு. இவற்றை வீட்டுக்கு எப்படிக் கொண்டுவரலாம் என்று பார்ப்போம்.

முதலாவது, பொருளிலிருந்து படத்துக்கும் படத்திலிருந்து குறியீட்டுக்கும் செல்லுங்கள். கையால் தொட்டு எண்ணிய பின் அதையே புள்ளிகளாக வரையச் சொல்லுங்கள். அதன் பின்னரே இலக்கத்தில் எழுதட்டும். பெரிய வகுப்பு மாணவருக்கும் இது பொருந்தும். "சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று ஒதுக்காதீர்கள். பின்னத்தைக் கற்பிக்க நம் சமையலறையைவிடச் சிறந்த இடம் இல்லை. ஒரு சுண்டு அரிசி, அரைச் சுண்டு, கால் சுண்டு என்று பிள்ளையின் கையாலேயே அளக்க விடுங்கள். நான்கு மூன்றைவிடப் பெரிது, ஆகவே நான்கில் ஒன்று மூன்றில் ஒன்றைவிடப் பெரிது என்று நினைக்கும் பிள்ளைகள் பலர். இரண்டையும் அளந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த மயக்கம் தெளியும்.

இரண்டாவது, எண்கோடு. எண்கள் ஒழுங்கான இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன என்ற மனப்படம் கணிதத்தின் அத்திவாரம். ரொபேர்ட் சீக்லர், கீதா ரமணி ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வுகளில், எண்கள் வரிசையாக எழுதப்பட்ட எளிய பலகை விளையாட்டைச் சில தடவைகள் விளையாடிய வறிய குடும்பத்துச் சிறுவர்களின் எண்ணறிவு மேம்பட்டது. நம் வீட்டிலுள்ள பாம்பும் ஏணியும் விளையாட்டைப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 25ஆம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு 3 விழுந்தால், "ஒன்று, இரண்டு, மூன்று" என்று நகராமல் "26, 27, 28" என்று சொல்லி நகர வேண்டும். இந்தச் சிறு மாற்றம் விளையாட்டைப் பாடமாக்கிவிடும்.

மூன்றாவது, மொழி. இங்கே நம் தாய்மொழி ஓர் உதவியைத் தருகிறது. ஆங்கிலத்தில் 17ஐச் சொல்லும்போது ஏழு முதலில் ஒலிக்கிறது. அதனால் பிள்ளைகள் சிலர் 71 என எழுதிவிடுவர். தமிழில் பதினேழு என்னும்போது பத்து முதலிலும் ஏழு பின்னரும், எழுதும் ஒழுங்கிலேயே வருகின்றன. பதினொன்று, பன்னிரண்டு என்ற சொற்களுக்குள்ளும் பத்து இருக்கிறது. ஆங்கிலத்தின் லெவன், ருவெல்வ் என்பவற்றில் அது வெளிப்படையாகத் தெரிவதில்லை. எனவே இடப்பெறுமானம் விளங்காத பிள்ளையோடு தமிழில் எண்ணிப் பாருங்கள். தொண்ணூறு ஒரு விதிவிலக்கு. அதன் ஒலியில் நூறு இருப்பதால் அதைத் தனியாக விளக்க வேண்டும். தமிழ் எண்கள் இடர்பாட்டைக் குணமாக்கும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் ஒரு கருவியைப் பயன்படுத்தாமல் விடவேண்டாம் என்றே சொல்கிறேன்.

நான்காவது, வசனக் கணக்கு. "அதிகம் என்றால் கூட்டு, குறைவு என்றால் கழி" என்று குறுக்குவழி சொல்லிக் கொடுக்காதீர்கள். ஓர் எடுத்துக்காட்டு: அண்ணனிடம் 12 டொலர் உண்டு. அது தங்கையிடம் உள்ளதைவிட 5 டொலர் அதிகம். தங்கையிடம் எவ்வளவு? "அதிகம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட பிள்ளை 17 என்கிறது. அண்ணனுக்கு ஒரு நீண்ட பட்டையும் தங்கைக்கு ஒரு குறுகிய பட்டையும் வரைந்து பார்த்த பிள்ளை 7 என்கிறது. சொல்லைத் தேடுவதற்கு முன் நிலைமையை வரைவதற்குப் பழக்குங்கள்.

ஐந்தாவது, நேரம் வைத்துச் செய்யும் பயிற்சி. கருத்து விளங்கிய பின்னரே, மிகச் சில நிமிடங்களுக்கு மட்டும், பிள்ளை தன் நேற்றைய அளவோடு தானே போட்டியிடும் வகையில் இது அமைய வேண்டும். அக்காவின் வேகத்தோடோ அயல்வீட்டுப் பிள்ளையின் வேகத்தோடோ ஒப்பிடுவதாக இருக்கக் கூடாது.

ஆறாவதாக நான் சேர்த்துக்கொள்வது நம்மைப் பற்றியது. 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கணித அச்சம் மிக்க பெற்றோர் அடிக்கடி வீட்டுவேலையில் உதவும்போது, முதலாம் இரண்டாம் தரப் பிள்ளைகள் கணிதத்தில் குறைவாக முன்னேறியதையும் அச்சம் கூடியதையும் கண்டது. ஆகவே குரல் உயரத் தொடங்கினால் புத்தகத்தை மூடிவிடுங்கள். அமைதியான பதினைந்து நிமிடம், அழுகையோடு கூடிய இரண்டு மணி நேரத்தைவிட மேலானது.

பாடசாலையிடம் கேட்க வேண்டியவை

1980இல் ஒன்ராறியோ சட்டமன்றம் நிறைவேற்றிய 82ஆம் இலக்கச் சட்டமூலம், சிறப்புக் கல்வியை வழங்குவதை மாகாணத்தின் பொதுக் கல்விச் சபைகளின் கடமையாக்கியது. 2012இல் கனடிய உச்ச நீதிமன்றம், பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த வாசிப்பு இடர்பாடுள்ள மாணவர் ஒருவரின் வழக்கில், சிறப்புக் கல்வி என்பது மேலதிகமான சலுகையன்று, கல்வியை அணுகுவதற்கான சாய்தளம் போன்றது என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. எனவே நீங்கள் அதிபரிடம் போய் நிற்பது தயவு கேட்டு அன்று.

முதற்படி, வகுப்பாசிரியரோடு பேசுங்கள். எதிற் சிக்கல், எப்போதிருந்து, வீட்டில் என்ன முயன்றீர்கள் என்பவற்றை எழுதிக்கொண்டு செல்லுங்கள். மதிப்பீடு வரும்வரை காத்திருக்குமாறு சொன்னால், இதை நினைவில் வையுங்கள்: முறையாக இனங்காணப்படாத பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் தயாரிக்கலாம். ஐ.ஈ.பி. என்று இங்கு அழைக்கப்படுவது இதுவே. நான் மேலே கூறிய 8ஆம் இலக்கச் சுற்றறிக்கையும், இனங்காணப்பட்டோருக்கு மட்டுமன்றி, கற்பதில் இடர்ப்படும் ஏனைய மாணவருக்கும் பொருந்தும்படியே எழுதப்பட்டுள்ளது.

உளவியல் மதிப்பீட்டுக்கு எழுத்தில் கேளுங்கள். கல்விச் சபையின் வழியே வருவதற்குக் காத்திருப்பு நீளலாம். தனியாரிடம் சில ஆயிரம் டொலர் செலவாகும். வேலைத்தலக் காப்புறுதி அதில் ஒரு பகுதியை ஈடுசெய்யுமா என்று விசாரியுங்கள்.

அடுத்தது ஐ.பி.ஆர்.சி. எனப்படும் இனங்காணல், இடமளிப்பு, மீளாய்வுக் குழு. பெற்றோர் எழுத்தில் கோரினால் அதிபர் பிள்ளையை இக்குழுவுக்குப் பரிந்துரைத்தே ஆக வேண்டும். கோரிக்கை கிடைத்து 15 நாட்களுக்குள் அதிபர், குழு எப்போது கூடக்கூடும் என்பதை உங்களுக்கு அறிவிக்க வேண்டும். கூட்டத்தில் நீங்கள் கலந்துகொள்ளலாம். உங்கள் சார்பில் பேச ஒருவரை அழைத்துச் செல்லலாம். ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளாதீர்கள். தன் இயலாமையைத் தானே தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

தீர்மானத்தோடு உடன்படாவிட்டால், 15 நாட்களுக்குள் மீண்டும் அக்குழுவைச் சந்திக்கக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். கையொப்பமிடாமல் பேசாதிருந்தால் எதுவும் நடவாது என்று எண்ண வேண்டாம். மேன்முறையீட்டுக் காலம் கடந்துவிட்டால், உங்கள் ஒப்பமின்றியே தீர்மானம் நடைமுறைக்கு வரலாம்.

இனங்காணப்பட்ட பிள்ளையைச் சிறப்புக் கல்வித் திட்டத்தில் சேர்த்த பின், 30 பாடசாலை நாட்களுக்குள் தனிநபர் கல்வித் திட்டம் தயாராக வேண்டும். அதைத் தயாரிக்கும்போது உங்கள் கருத்தையும், 16 வயது நிரம்பிய மாணவரின் கருத்தையும் கேட்க வேண்டும்.

இந்தத் திட்டத்தில் இரண்டு சொற்களை வேறுபடுத்தி அறியுங்கள். இந்த உரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். "அக்கொமடேசன்" என்பது பாடத்தின் உள்ளடக்கத்தை மாற்றாமல் வழியை மட்டும் மாற்றுவது. கூடுதல் நேரம், கணிப்பான், சூத்திரத் தாள், அமைதியான அறை, கேள்வியை வாசித்துக் காட்டுதல் என்பன இவ்வகை. "மொடிபிகேசன்" என்பது, பிள்ளை அடைய வேண்டிய இலக்கையே மாற்றுவது. ஏழாம் தரத்தில் இருக்கும் பிள்ளை நான்காம் தரக் கணிதத்தைக் கற்கும். சில பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே தேவை. அடித்தளம் இல்லாமல் மேலே கட்ட முடியாது. ஆனால் உயர்பாடசாலைக்கு வந்த பின், இலக்குகள் பெருமளவு மாற்றப்பட்டால், அந்தப் பாடத்துக்குரிய கிரெடிட் வழங்கப்படுமா என்பதை அதிபரே தீர்மானிப்பார். உயர்பாடசாலைச் சான்றிதழுக்குத் தேவையான 30 கிரெடிட்டுகளில் 3 கணிதத்துக்குரியவை; அவற்றுள் ஒன்றாவது 11ஆம் அல்லது 12ஆம் தரத்தில் பெறப்பட வேண்டும்.

ஆகவே கணிதத்துக்கு நேரே மொடிபிகேசன் என்று கண்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அக்கொமடேசன் மட்டும் ஏன் போதாது? இப்போது எந்தத் தரத்துக் கணிதம் கற்பிக்கப்படுகிறது? இடைவெளியைக் குறைக்க என்ன திட்டம், அதை எப்போது மீளாய்வு செய்வீர்கள்? பதிலை எழுத்தில் பெறுங்கள். மரியாதைக்காகக் கேள்வி கேளாதிருப்பது நம் பழக்கம். ஆசிரியரை மதிப்பதும் ஆசிரியரிடம் விளக்கம் கேட்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

ஊர் என்ன சொல்லும்?

இத்தனையும் தெரிந்த பின்னரும் சில பெற்றோர் பின்வாங்குவதற்கு ஒரே காரணம் வெட்கம். "பதிவில் வந்துவிடும், நாளைக்குக் கலியாணம் பேசும்போது வரும்" என்கிறார்கள். தனிநபர் கல்வித் திட்டம் மாணவரின் பாடசாலைக் கோவையில் இருக்கும். அக்கோவையை ஊரார் திறந்து பார்க்க முடியாது. அக்கொமடேசனோடு கிரெடிட்டுகளைப் பெற்ற மாணவருக்குக் கிடைப்பதும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ்தான். மறைப்பதால் காக்கப்படுவது நமது கௌரவம். செலவாவது பிள்ளையின் ஆண்டுகள். இந்தக் கணக்கைப் பெற்றோர் தாமே செய்து பார்க்க வேண்டும்.

இளையோருக்கு

தம்பிமாரே, தங்கைமாரே! உங்களுள் சிலர் நான் வருணித்த பிள்ளையாக இருந்திருக்கலாம், இன்னும் இருக்கலாம். நீங்கள் மற்றவர்களைவிட அதிகமாக உழைத்தே இந்த இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் மதிப்பீட்டு அறிக்கையை நீங்களே வாசியுங்கள். "எனக்கு எதிற் கடினம், எது உதவுகிறது" என்பதை மூன்று வாக்கியங்களில் சொல்லப் பழகுங்கள். தனிநபர் கல்வித் திட்டம் உயர்பாடசாலையோடு முடிந்துவிடும். கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் மாணவர் வசதிப் பிரிவை நாடி, தேவையானதைக் கேட்பவர் நீங்களாகவே இருப்பீர்கள். அம்மாவோ அப்பாவோ அங்கு பேச முடியாது. பழைய மதிப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டியும் வரலாம். ஆதலால் 12ஆம் தரத்தின் தொடக்கத்திலேயே விசாரியுங்கள்.

கணிதம் இலகுவாக வரும் மற்ற இளையோருக்கும் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைகளில் தன்னார்வ மணித்தியாலங்களுக்காகச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறீர்கள். நல்ல பணி. அடுத்த முறை ஒரு சிறுவன் விரல் மடித்து எண்ணினால் சிரிக்காதீர்கள். ஒரு தாளில் எண்கோடு வரைந்து அவன் முன் வையுங்கள்.

நிறைவாக, நம் சங்கங்களிடமும் தமிழ்ப் பாடசாலைகளிடமும் மூன்று விடயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஐ.ஈ.பி., ஐ.பி.ஆர்.சி. ஆகியவற்றைத் தமிழில் விளக்கும் கையேடு ஒன்றை ஆயத்தம் செய்யுங்கள். பாடசாலைக் கூட்டங்களுக்குப் பெற்றோருடன் துணையாகச் செல்லக்கூடிய சிலரைப் பயிற்றுவியுங்கள். தனியார் வகுப்பு நடத்தும் நம்மவர்களோடு பேசி, பொருளும் படமும் கொண்டு கற்பிக்கும் சிறு குழு ஒன்றையேனும் தொடங்கச் செய்யுங்கள். இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை.

பெற்றோர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் புள்ளியைக் கேட்காதீர்கள். "கணக்கில் எந்த இடத்தில் விளங்காமல் போகிறது?" என்று கேளுங்கள். பதில் உடனே வராது. பல ஆண்டுகளாக யாரும் கேட்காத கேள்வி அது. பொறுத்திருந்து கேளுங்கள். கிடைக்கும் பதிலைக் குறித்துக்கொண்டு, வருகிற கிழமையே ஆசிரியரைச் சந்திக்க நாள் கேளுங்கள்.